எலெக்ட்ரிக் கிட்டார் டோன் அமைப்பது எப்படி: ஈக்யூ முதல் ரிவெர்ப் வரை முழு வழிகாட்டி

கிட்டாரிலிருந்து ஸ்பீக்கர் வரை சிக்னல் எந்த வழியில் போகிறதோ, டோனையும் அதே வழியில்தான் சரிசெய்துகொண்டு போக வேண்டும். புதிதாகப் பெடல் வாங்கியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் ரிவெர்ப் (அறையில் வாசிப்பது போன்ற எதிரொலி), பிறகு கெயின் (ஒலி எவ்வளவு கிழிய வேண்டும் என்ற அளவு), அதன்பின் ஆம்பில் ட்ரெபிள் (கூர்மையான மேற்பகுதி ஒலி). ஸ்ட்ரிங் துருப்பிடித்திருப்பது கடைசியில்தான் கண்ணில் படுகிறது.

இங்கே ஒரு சாதாரண அமைப்பை வைத்துக்கொள்வோம்: இரண்டு ஹம்பக்கர் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டார், ஒரு ஓவர்டிரைவ் பெடல் (சிக்னலை அளவுமீறவைத்து ஒலியைக் கிழிப்பது; இந்தக் கிழிசல்தான் டிஸ்டார்ஷன்), Boss நிறுவனத்தின் ஜி.இ.-7 போன்ற ஏழு பேண்ட் ஈக்யூ பெடல் (ஒலியின் ஏழு அலைவரிசைப் பகுதிகளை ஏழு ஸ்லைடர்களால் தனித்தனியாக ஏற்றி இறக்குவது), டிலே (வாசித்ததைச் சற்றுப் பொறுத்துத் திரும்ப ஒலிப்பது), ரிவெர்ப், 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஆம்ப். உங்களிடம் மல்டி-எஃபெக்ட் பெட்டியோ லேப்டாப் சாஃப்ட்வேரோ இருந்தாலும் வரிசை இதுவேதான்.

1. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

புது ஸ்ட்ரிங். பழைய ஸ்ட்ரிங்கில் மேல் ஹார்மோனிக்குகள் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்கு அலைவரிசைகள்) செத்துப் போயிருக்கும். இல்லாத ஒலியை எந்த ஈக்யூவும் கொண்டுவராது, 3.2 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடரை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

ட்யூனிங், இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் ஸ்வரம் சரியாக விழுவது) இரண்டையும் பார்த்துவிடுங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் ஸ்வரம் சற்று விலகியிருந்தாலும், டிஸ்டார்ஷன் போட்டதும் கார்டு அலைபாயும். அதை மிட் (நடுப்பகுதி ஒலி) அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஈக்யூவைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

கேபிள் மூன்று மீட்டர் போதும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடக் கூட ட்ரெபிள் மங்கும். நீளமான கேபிள் தேவைப்படுகிற மேடையில் கிட்டாருக்கு அடுத்து ஒரு பஃபர் பெடல் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்புவது) இருந்தால் அதற்குப் பிறகு வரும் கேபிளில் இந்த இழப்பு இருக்காது.

பவர் சப்ளையைக் கவனியுங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டர் முனை அதே துளையில் கச்சிதமாக நுழையும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். மாட்டிய கணத்தில் பெடல் போய்விடலாம். ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லி ஆம்பியர் வாக்கில்தான் இழுக்கும். டிஜிட்டல் ரிவெர்ப் நூற்றுக்கணக்கில் இழுக்கும். இரண்டையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்துக் கொடுத்தால் மெல்லிய ‘கீ’ என்ற சத்தம் வர வாய்ப்பு அதிகம்.

லூப்பர் ஒன்று இருந்தால் நல்லது. பதிவுசெய்த ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு இசைத்துண்டு) தானாக ஓட, இரண்டு கையும் நாப்களில் இருக்கலாம். லூப்பரைப் பெடல்களுக்கு முன்னால் மாட்டுங்கள்; பின்னால் மாட்டினால் ஏற்கெனவே டிஸ்டார்ட் ஆன ஒலிதான் ஓடும், முன்னிருக்கும் பெடல்களின் நாப்பைத் திருகி எந்தப் பயனும் இருக்காது.

2. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து தொடங்குங்கள்

எல்லாப் பெடலும் ஆஃப். ஆம்பில் ரிவெர்ப் பூஜ்யம், கெயின் குறைவு, பாஸ் (அடிப்பகுதி ஒலி), மிட், ட்ரெபிள் மூன்றும் பன்னிரண்டு மணி நிலையில். கிட்டாரில் வால்யூம், டோன் இரண்டும் முழுவதும்.

நாப் நடுவில் நிற்பதால் ஒலி சமமாக வருகிறது என்று எண்ண வேண்டாம். ஃபெண்டர் வகை ஆம்புகளில் மூன்றும் நடுவில் இருந்தாலும் மிட் பள்ளமாகத்தான் இருக்கும். அந்த சர்க்யூட்டின் இயல்பு அது. மார்ஷல் வகையில் அந்தப் பள்ளம் குறைவு. வாக்ஸ் ஏசி30-இல் ‘கட்’ என்ற நாப்பை ஏற்றினால் ட்ரெபிள் குறையும். அதனால் ஒருவர் சொன்ன நாப் எண்களை இன்னொரு ஆம்பில் அப்படியே வைப்பதில் பொருளில்லை.

இன்னொன்று. இந்த மூன்று நாப்களும் ஒன்றையொன்று பாதிப்பவை. ட்ரெபிளைத் திருகியபின் பாஸையும் மிட்டையும் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

3. கிட்டாரிலும் கையிலும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு

பிரிட்ஜ் பிக்கப் கூர்மை, நெக் பிக்கப் உருண்டை. எது வேண்டும் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். நெக் பிக்கப்பைப் பிரிட்ஜ் போல ஒலிக்கவைக்க ஈக்யூவோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் வாக்கில் தொடங்கலாம். மிக அருகில் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு போகும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் காந்தமே ஸ்ட்ரிங்கை இழுத்து ஸ்வரத்தை நடுங்கவைக்கும்.

பிக் பிடிக்கிற இடத்தை இரண்டு விரற்கடை பிரிட்ஜ் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஈக்யூவில் தேடுவது பாதி அங்கேயே கிடைத்துவிடும். வால்யூம் நாப்பை 10-இலிருந்து 7-க்கு இறக்கினால் டிஸ்டார்ஷன் தெளிகிறதா என்றும் பாருங்கள். தெளிந்தால் ரிதமுக்கு 7, சோலோவுக்கு 10. தனிப் பெடல் தேவையில்லை.

4. எந்த ஹெர்ட்ஸில் என்ன இருக்கிறது

கீழ் ஈ ஸ்ட்ரிங் திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். மேல் ஈ திறந்த நிலையில் 330. அதன் 22ஆவது ஃப்ரெட் 1,175. அதாவது நீங்கள் வாசிக்கும் ஸ்வரங்களின் அடிப்படை எல்லாம் 1.2 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பவை ஹார்மோனிக்குகளும் பிக் உரசும் சத்தமும்தான். கிட்டார் மிட்டில் வாழும் வாத்தியம். மிட்டை வழித்தெடுத்தால் வாத்தியத்தையே எடுத்ததாகும்.

ஜி.இ.-7-இன் ஸ்லைடர்கள் 100, 200, 400, 800 ஹெர்ட்ஸ், 1.6, 3.2, 6.4 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் 15 டெசிபல் ஏறும், இறங்கும். 100 என்பது கனம். 200 முதல் 400 வரை உடம்பு. கூடினால் ஒலி குழைந்துபோகும். 800 ஸ்வரத்தின் முகம். 1.6 மற்ற வாத்தியங்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டு வரும் இடம். 3.2 பிக்கின் கடி. கூடினால் காதைக் குத்தும். 6.4-இல் பெரிதாக எதுவுமில்லை, ஏனென்றால் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்த ஸ்லைடரை ஏற்றினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடுமே தவிர பளபளப்பு வராது.

இதைப் படித்தால் பதியாது. ஒரு கார்டை லூப்பரில் ஓடவிட்டு, ஒரே ஒரு ஸ்லைடரை உச்சிக்கு ஏற்றிக் கேளுங்கள், அடிக்கு இறக்கிக் கேளுங்கள், நடுவில் வையுங்கள். பிறகு அடுத்தது. ஏழும் முடிந்தபின் எது எங்கே என்று காது சொல்லும்.

5. ஈக்யூவைத் தொடுமுன் கெயினை முடிவுசெய்யுங்கள்

டிஸ்டார்ஷன் புதிய ஹார்மோனிக்குகளை உண்டாக்குகிறது. கெயின் மாறினால் ஒலியின் கட்டமைப்பே மாறுகிறது. ஈக்யூவை முதலில் வைத்துவிட்டுப் பிறகு கெயினை ஏற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

போதும் என்று தோன்றுகிற இடம்வரை கெயினை ஏற்றுங்கள். பிறகு அதில் கால்வாசியைக் குறையுங்கள். கெயின் கூடினால் பிக்கின் தாக்கம் தட்டையாகிவிடும், கார்டின் ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்ளும். தனியாக வாசிக்கும்போது அது கனமாகத் தோன்றும், டிரம்மோடு சேர்ந்தால் மூட்டமாகிவிடும். ஆறு ஸ்ட்ரிங் மைனர் கார்டு ஒன்றை அடித்து, அதன் மூன்றாம் ஸ்வரம் (ஈ மைனரில் ஜி) தனியாகக் காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் கெயின் இன்னும் அதிகம்.

6. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஈக்யூ

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதையும் அடுத்ததையும் படியுங்கள். ஒரே ஈக்யூ பெடல், ஒரே ஸ்லைடர். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் ஒரு வேலை செய்யும், பின்னால் வைத்தால் வேறு வேலை செய்யும்.

ஈக்யூவை ஓவர்டிரைவுக்கு முன்னால் மாட்டி 800-ஐ 6 டெசிபல் ஏற்றுங்கள். சத்தம் அவ்வளவாகக் கூடாது. ஆனால் மிட் பகுதி அதிகமாகக் கிழியும், சஸ்டெயின் (ஸ்வரம் நீடித்து ஒலிப்பது) நீளும். இப்போது அதே பெடலை ஓவர்டிரைவுக்குப் பின்னால் மாட்டி அதே 6 டெசிபல் ஏற்றுங்கள். கிழிசல் அப்படியே இருக்கும், அந்தப் பகுதியின் சத்தம் மட்டும் மேலே வரும். முன்னால் வைக்கும் ஈக்யூ எது எவ்வளவு கிழிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. பின்னால் வைப்பது கிழிந்த ஒலியில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

பாஸில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கீழ் ஈ-யில் பவர் கார்டு (அடிப்படை ஸ்வரம், அதன் ஐந்தாம் ஸ்வரம், மேல் அடிப்படை) அடித்தால் 82, 123, 165 ஹெர்ட்ஸ் ஒன்றாக உள்ளே போகின்றன. சிக்னலில் மிகப் பெரியவை அவைதான். கிளிப் ஆகும்போது (அளவு மீறி அலையின் உச்சி வெட்டுப்படும்போது) அவை மேலே உள்ள எல்லாவற்றையும் தம்மோடு சேர்த்துக் கலக்கி, ஸ்வரத்தில் இல்லாத புது அலைவரிசைகளை உண்டாக்குகின்றன. பாம் மியூட் (உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அமுக்கி அடிப்பது) ‘சக் சக்’ என்று வராமல் ‘பொத் பொத்’ என்று வருவது இதனால்தான். பின்னால் 100-ஐக் குறைத்தால் கனம் போகும், கலங்கல் போகாது. அது ஏற்கெனவே 300, 500 என்று பரவிவிட்டது. அரிசியில் கல் பொறுக்குவதை உலை வைக்குமுன் செய்ய வேண்டும், சோறான பின்பு அல்ல.

எனவே முன்னால் 100-ஐ 6 முதல் 9 டெசிபல் வரையும், 200-ஐ 3 டெசிபலும் இறக்குங்கள். ஒலி மெலிந்ததாகத் தோன்றும், தோன்றட்டும். போன கனத்தைப் பின்னால் திருப்பிக் கொடுக்கலாம். ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் உச்சத்திலும் வைத்து, ஏற்கெனவே கிழிகிற ஆம்பின் முன் மெட்டல் கிட்டாரிஸ்டுகள் மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். அது பாஸைக் குறைத்து 700 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தை முன்னே தள்ளுகிறது.

க்ளீன் டோனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கிழிசல் இல்லாத இடத்தில் ஈக்யூ முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

7. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஈக்யூ

கிழிசல் ஓவர்டிரைவ் பெடலிலிருந்து வந்தால் ஈக்யூவை அதற்கு அடுத்து மாட்டுங்கள். ஆம்பின் ப்ரீஆம்பிலிருந்து (ஆம்புக்குள் இருக்கும் முதல் பெருக்கிப் பகுதி) வந்தால் ஆம்பின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது சிக்னல் வெளியே போகும் செண்டுக்கும் திரும்பி வரும் ரிட்டர்னுக்கும் நடுவில் மாட்டுங்கள். ஆம்பின் முகப்பு இன்புட்டில் மாட்டினால் அது மறுபடி ‘முன்னால்’ ஆகிவிடும்.

வேண்டாததைத் தேடிக் குறைப்பதே முதல் வேலை. ஒரு ஸ்லைடரை நன்றாக ஏற்றி, ரிஃபை ஓடவிட்டு, ‘இதுதான் கெடுக்கிறது’ என்று காது சுளிக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதை நடுக்கோட்டுக்குக் கீழே 3 டெசிபல் இறக்குங்கள். பாராமெட்ரிக் ஈக்யூ (அலைவரிசையையும் அகலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கக்கூடியது) என்றால் ‘க்யூ’ மதிப்பைக் கூட்டிக் குறுகலாக வைத்துத் தேடலாம். குறைக்கும்போது கொஞ்சம் அகலமாக்குங்கள். மல்டி-எஃபெக்டில் லோ கட் (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 6 கிலோஹெர்ட்ஸ் என்று தொடங்கலாம். அங்கே கிட்டாருக்கு வேலையில்லை. பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஒரு முனையில், சிம்பல் மறுமுனையில் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்குப் பிறகே ஏற்றுவது. மெலிந்துவிட்டால் 100-ஐ 2 அல்லது 3 டெசிபல். பேண்டில் காணாமல் போனால் 800 அல்லது 1.6. மூன்று ஸ்லைடருக்கு மேல் ஏற்ற வேண்டிவந்தால் பிரச்சினை ஈக்யூவில் இல்லை. மூன்றாம் பகுதிக்கோ ஐந்தாம் பகுதிக்கோ திரும்பிப் போங்கள்.

பெடலை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி லெவல் ஸ்லைடரைச் சரிசெய்த பிறகே எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லுங்கள். சத்தம் சற்றுக் கூடினாலே நல்ல டோன் போலத் தோன்றும். காதை நம்பலாம், சத்தம் ஏறிய காதை நம்ப முடியாது.

‘சோலோவுக்கு பூஸ்ட் அழுத்தினேன், சத்தமே ஏறவில்லை’ என்கிற புகாருக்கும் விடை இங்கேதான். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் உள்ள பூஸ்ட் கிழிசலைக் கூட்டும், சத்தத்தை அல்ல. ஈக்யூ பெடலைப் பின்னால் வைத்து, 800-உம் 1.6-உம் 3 டெசிபல், லெவல் 3 டெசிபல் என்று ஏற்றி, அதையே சோலோ சுவிட்சாகப் பயன்படுத்துங்கள்.

8. எஃபெக்ட் வரிசை

கிட்டார், ட்யூனர், வா (காலால் ஆட்டி ‘வா வா’ என்று ஒலிக்கவைப்பது), கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், ஈக்யூ, நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), கோரஸ் அல்லது ஃபேஸர் (ஒலியை அலையவைப்பவை), டிலே, ரிவெர்ப். இது தொடக்க வரிசை. மாற்றக்கூடாது என்று சட்டமில்லை, காரணம் தெரிந்து மாற்றுங்கள்.

கம்ப்ரெஸரை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால், நீங்கள் வாசிக்காத நேரத்தில் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். வா பெடல் முன்னால் இருந்தால் பேசுவது போல இருக்கும். பின்னால் இருந்தால் வீச்சு அகலமாகி முரட்டுத்தனம் கூடும். டிலே டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருந்தால், புதிதாக அடிக்கும் ஸ்வரமும் பழைய எதிரொலியும் சேர்ந்து கிளிப் ஆகி ஒன்றையொன்று மிதிக்கும். ஆம்பே கிழிகிறது என்றால் டிலே, ரிவெர்ப் இரண்டும் எஃபெக்ட்ஸ் லூப்பில்.

விதிவிலக்கு ஒன்று: ஃபஸ் ஃபேஸ் வகை ஃபஸ் (கரடுமுரடாகக் கிழிக்கும் பெடல்). அதன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) மிகக் குறைவு. நேரடியாக கிட்டாரோடு பேசினால்தான் வால்யூம் நாப்பைக் குறைக்கும்போது அழகாகத் தெளியும். நடுவில் பஃபர் உள்ள ட்யூனர் வந்தால் அந்தக் குணம் போய்விடும். எனவே அது எல்லாவற்றுக்கும் முன்னால்.

9. டிலேயும் ரிவெர்பும்

டிலேயைத் தாளத்தோடு பொருத்த 60,000-ஐ டெம்போவால் வகுங்கள். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்) என்றால் ஒரு பீட் 625 மில்லிசெகண்ட். புள்ளி வைத்த எட்டாம் ஸ்வர டிலேக்கு அதில் முக்கால், 469. நம் சினிமாப் பாட்டுகளில் 6/8 நிறைய வரும். அங்கே இந்த முக்கால் கணக்கு தாளத்தோடு மோதும். பெரிய பீட் 80 என்று எண்ணினால் 750, அதை மூன்றாக வகுத்து 250 அல்லது 500 வையுங்கள்.

எதிரொலிக்கும் ஈக்யூ உண்டு. டிலேயில் ஹை கட் 4 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலும், ரிவெர்பில் லோ கட் 200 வாக்கிலும் வைத்தால் அவை பின்னால் ஒதுங்கி நிற்கும். ரிவெர்பில் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லிசெகண்ட் கொடுத்தால் பிக்கின் தாக்கம் முழுகாது. தனியாக வாசிக்கும்போது ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றும் அளவில் பாதியை வையுங்கள். மண்டபமும் தன் பங்குக்கு எதிரொலிக்கும்.

10. இரைச்சல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ‘உம்ம்’ என்ற ஒலி 50-லும் 100-லும் வரும். அதை ஒழிக்க 100 ஸ்லைடரை அடிக்கு இறக்குபவர்கள் உண்டு. கீழ் ஈ-யின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதுவும் சேர்ந்து போய்விடும். ஈக்யூ இதற்கு மருந்தல்ல.

கிட்டாரோடு நின்ற இடத்தில் மெல்லத் திரும்புங்கள். இரைச்சல் ஏறி இறங்கினால் பிக்கப் சுற்றுப்புறத்திலிருந்து பிடிக்கிறது. டிம்மர் விளக்கு, மானிட்டர், லேப்டாப் சார்ஜரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். திரும்பினாலும் மாறவில்லை என்றால் பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சியதற்கு நாய்ஸ் கேட், ஆனால் டிலேக்கு முன்னால்; பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலை நறுக்கிவிடும்.

இரைச்சல் குறைகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதோ, எர்த் இல்லாத இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் ஆம்பைச் செருகுவதோ கூடவே கூடாது. ஆம்பில் கசிவு இருந்தால், ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடும் படும்போது மின்சாரம் உங்கள் வழியாகப் பாயும். உயிர் போகிற விஷயம்.

11. ஆம்ப் இல்லாமல் லேப்டாப்பில்

ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ சுவிட்சைப் போடுங்கள். லைன் இன்புட்டில் மாட்டினால் பிக்கப்பின் ட்ரெபிள் அமுங்கி, போர்வை போர்த்தியது போலாகிவிடும். பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் வாக்கில் நின்றால் போதும்.

ஆம்ப் சிமுலேஷனோடு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) சிமுலேஷன் அல்லது ஐ.ஆர். (நிஜ கேபினெட்டின் ஒலிக்குணத்தைப் பதிந்த கோப்பு) கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் வடிகட்ட வேண்டிய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள குப்பை அப்படியே வரும். தகரத்தில் ஈ அடைபட்டது போலிருக்கும். இதன் மறுபக்கத் தவறும் சகஜம்: மல்டி-எஃபெக்டில் கேப் சிம் ஆனில் இருக்க, அதையே நிஜ ஆம்பில் மாட்டுவது. இரண்டு கேபினெட் வழியாகப் போன ஒலி மந்தமாகத்தான் வரும். ஆம்புக்குப் போகும்போது கேப் சிம் ஆஃப், மிக்சருக்குப் போகும்போது ஆன்.

12. பேண்ட் சத்தத்தில் சரிபார்ப்பது

குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் குறைவாகவே கேட்கும். படுக்கையறையில் இரவு பத்து மணிக்கு வைத்த டோனில் பாஸும் ட்ரெபிளும் தூக்கலாக, மிட் பள்ளமாக இருக்கும். அதையே ரிகர்சலில் சத்தமாக வைத்தால் அடிப்பகுதி உறுமும், மேற்பகுதி குத்தும், நடுவில் கிட்டாரைக் காணோம். கடைசித் தீர்மானத்தை எப்போதும் வாசிக்கப்போகிற சத்தத்தில், டிரம்மும் பாஸ் கிட்டாரும் ஓடும்போது எடுங்கள். வீட்டில் என்றால் ஒரு பேக்கிங் டிராக்காவது ஓடட்டும்.

ட்ரெபிள் ஸ்பீக்கரின் நேர் எதிரேதான் கூர்மையாகப் பாயும். ஆம்ப் தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்கு வாசிக்கிறது. நீங்கள் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்துவார். ஆம்பை நாற்காலியில் ஏற்றுங்கள் அல்லது பின்பக்கம் சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் ஒருமுறையாவது குனிந்து ஸ்பீக்கர் உயரத்தில் காதை வைத்துக் கேளுங்கள்.

டோன் பிடித்துவிட்டால் நாப்களை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். வேறு இடத்துக்குப் போகும்போது பெடல்களைத் தொட வேண்டாம். அறைக்கு அறை மாறுவது பெரும்பாலும் அடிப்பகுதிதான். முதலில் ஆம்பின் பாஸ், பிறகு ப்ரெஸன்ஸ் (மிக மேற்பகுதிக்கான நாப்) அல்லது ட்ரெபிள், கடைசியாக ரிவெர்ப் அளவு. இந்த மூன்றையும் சவுண்ட்செக்கில் ஒரு பாட்டு முடிவதற்குள் சரிசெய்துவிடலாம்.